தபால் கட்டணம் இல்லாத கடிதங்கள்

1789ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள், இன்றைய மெய்ன் மாநிலத்தில் இருக்கும் சான்ஃபோர்ட் என்ற சிற்றூரிலிருந்து சாமுவேல் நாசன் என்னும் வணிகர் நியூயார்க் நகரத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பெறுநர் ஜார்ஜ் தாட்சர். புதிய அரசமைப்பின்கீழ் அவ்வாண்டுதான் முதன்முதலாகக் கூடியிருந்த அமெரிக்கக் காங்கிரஸின் பிரதிநிதிகள் சபையில் மெய்ன் பகுதிக்கென இருந்த ஒரே உறுப்பினர் அவர். நாசன் அந்த அரசமைப்பையே எதிர்த்தவர். 1788இல் மாசசூசெட்ஸில் அதனை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யக் கூடிய மாநாட்டில், 187க்கு 168 என்ற மயிரிழை வேறுபாட்டில் தோற்றுப்போன அணியில் அமர்ந்திருந்தவர். தோற்றபின் எழுந்து, இனி இதற்கு ஆதரவாக ஊராரிடம் பேசுவேன் என்று சொல்லிவிட்டு வீடு திரும்பியவர். தாட்சரோ வென்ற அணியைச் சேர்ந்தவர். தோற்றவர் வென்றவருக்கு எழுதிய கடிதம் இது.

திருத்தங்கள் மீண்டும் பேச்சுக்கு வந்திருப்பதாக அறிகிறேன், நல்லது. உரிமைகளின் பட்டியல் ஒன்று உறுதியாக எழுதப்பட்டுவிட்டால் ஆள்வோர் எதுவரை போகலாம், ஆளப்படுவோர் எதுவரை போகலாம் என்பது தெளிவாகும், பிறகு இருவருக்கும் சச்சரவு இராது என்பது அவர் வாதம். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் அதில் வேண்டும் என்கிறார். அதற்கு அவர் தரும் காரணங்களின் வரிசை சுவையானது. காட்டு விலங்குகளிடமிருந்து காத்துக்கொள்ள, பொழுதுபோக்காகப் பறவை சுட, பிறகு பொதுப் பகைவனை எதிர்க்க. பிற்காலத்தில் வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் பல்லாயிரம் பக்கங்களில் உரைவிளக்கம் செய்யப்போகும் ஒரு பொருளை, கரடி நடமாடும் காட்டோரத்தில் குடியிருந்த ஒருவர் தம் அன்றாடத்திலிருந்து அளந்து பார்க்கிறார். எழுத்துக்கூட்டல் அவருக்குக் காதில் விழுந்தபடிதான். விடைத்தாள் திருத்திப் பழகிய என்போன்றோரின் கை சிவப்பு மையைத் தேடும். ஆனால் கருத்தில் எங்கும் தடுமாற்றம் இல்லை.

இத்தகைய கடிதங்களைப் படிக்கையில் ஒரு கேள்வி விடாமல் தொடர்கிறது. வாக்களித்த ஒருவர் தம் பிரதிநிதிக்கு எழுதும் கடிதம் என்ன வகையைச் சேர்ந்தது? கட்டளையா, ஆலோசனையா, விண்ணப்பமா? முடியாட்சியில் இந்தக் கேள்வி எழவே எழாது. மன்னனுக்கு எழுதப்படுவது விண்ணப்பம், அவ்வளவுதான். குடியரசு என்று பெயர் சூட்டிக்கொண்ட பிறகு, எழுதுகிறவர் எசமானரா, படிக்கிறவர் எசமானரா என்று எவருக்கும் தெளிவில்லை. அமெரிக்கக் குடியரசின் முதல் முப்பது ஆண்டுகளில் இந்தக் குழப்பம் சபைக்குள்ளும் நீதிமன்றத்திலும் தேர்தலிலும் திரும்பத் திரும்ப வெடித்தது.

தாட்சரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1754இல் கேப் காட் பகுதியின் யார்மத்தில் பிறந்தவர். ஹார்வர்டில் 1776இல் பட்டம் பெற்றவர். வழக்கறிஞராகப் பிடஃபர்ட் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தவர். அன்று மெய்ன் தனி மாநிலம் அன்று. மாசசூசெட்ஸின் ஒரு மாவட்டம். 1820இல்தான் தனியானது. 1790இல் எடுத்த முதல் மக்கள் கணக்கெடுப்பின்படி மெய்னில் 96,540 பேர் இருந்தனர். முப்பதாயிரம் பேருக்கு ஒருவர் என்று அரசமைப்பு வரம்பு பேசிக்கொண்டிருக்க, ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு இவர் ஒருவர். அவருக்கு அலுவலகம் கிடையாது, எழுத்தர் கிடையாது, உதவியாளர் கிடையாது. அமர்வு நடக்கும் நாளுக்கு ஆறு டாலர் படி. தங்குவதற்கு ஏதேனும் ஒரு விடுதியில் ஓர் அறை. பகலெல்லாம் சபையில் இருந்துவிட்டு, இரவில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இறகுப் பேனாவைச் சீவிக்கொண்டு தம் கையாலேயே பதில் எழுத வேண்டும். பிரதிநிதித்துவம் என்னும் கருத்தாக்கத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அன்று அது ஒரு மனிதரின் மணிக்கட்டு வலியாகவும் இருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

கடிதங்கள் பயணம் செய்த விதத்தையும் பார்த்துவிட வேண்டும். ஏனெனில் அதில்தான் அரசியல் ஒளிந்திருக்கிறது. 1790இல் நாடு முழுமைக்கும் 75 அஞ்சல் நிலையங்களே இருந்தன. அஞ்சல் சாலைகள் 1,875 மைல். 1792 பிப்ரவரி 20இல் ஜார்ஜ் வாஷிங்டன் கையொப்பமிட்ட அஞ்சல் சட்டம், மெய்னின் விஸ்காசெட் ஊரிலிருந்து தெற்கே ஜார்ஜியாவின் சவானா வரை ஒரே நெடுவழியை வரைந்தது. ஒற்றைத் தாள் கடிதத்துக்கு 30 மைல் வரை 6 சென்ட். தொலைவு கூடக்கூடக் கட்டணம் ஏறி, 450 மைலுக்கு மேல் 25 சென்ட். இரண்டு தாள் என்றால் இருமடங்கு. 25 சென்ட் என்பது அந்நாளில் ஒரு கூலியாளின் ஏறத்தாழ அரைநாள் ஊதியம். அஞ்சல்தலை வந்தது 1847இல். முன்கூட்டியே கட்டணம் செலுத்தியாக வேண்டும் என்ற விதி வந்தது 1855இல். அதுவரை பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும். உறை இல்லை, தாளையே மடித்து, அரக்கு ஒட்டி, வெளிப்பக்கத்தில் முகவரி எழுதுவார்கள். தாள் கூடினால் காசு கூடும் என்பதால் ஓரங்களிலும் எழுதுவார்கள். எழுதி முடித்த பக்கத்தைத் திருப்பி வைத்துக் குறுக்காக எழுதுகிறவர்களும் உண்டு.

இந்த ஏற்பாட்டில் ஒரு விதிவிலக்கு இருந்தது. காங்கிரஸ் உறுப்பினருக்கு வரும் கடிதத்துக்கும் அவர் அனுப்பும் கடிதத்துக்கும், அமர்வுக் காலத்தில், கட்டணமில்லை. அவர் தம் கையெழுத்தை வெளிப்பக்கத்தில் இட்டால் போதும். இதை உறுப்பினர்களுக்கு வழங்கிய சலுகை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அவர்கள் இதைத் தேர்தல் பிரசாரத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்ற குறையும் அன்றே உண்டு. ஆனால் மறுபுறத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெறுகிறவரே காசு கொடுக்கும் நாட்டில், முகம் தெரியாத ஒருவர் முந்நூறு மைலுக்கு அப்பாலிருந்து எழுதும் கடிதத்தைப் பிரிக்க எந்த உறுப்பினருக்குத்தான் மனம் வரும்? நாசனைப் போன்ற ஒருவர், தம் கடிதம் திருப்பி அனுப்பப்படாது என்ற நம்பிக்கையுடன் எழுத உட்கார முடிந்ததற்குக் காரணம் இந்த விதிவிலக்கு. அதே 1792ஆம் ஆண்டுச் சட்டம், பணத்தாள் வைத்த கடிதத்தைக் களவாடும் அஞ்சல் ஊழியருக்கு மரண தண்டனை விதித்தது. சட்டவிரோதமாகக் கடிதத்தைப் பிரிப்போருக்கு அபராதமும் சிறையும். கடிதம் என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய பொருள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கடிதங்களின் உள்ளடக்கத்தில் பெரும்பகுதி உன்னதமானது அன்று. வேலை கேட்பவை ஏராளம். 1789இல் புதிய அரசு துறைமுகந்தோறும் சுங்க அதிகாரிகளை நியமிக்கத் தொடங்கியதும், அந்தப் பதவிக்கு ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் தத்தம் உறுப்பினரை நாடினர். போரில் பணியாற்றியதற்கான பாக்கி, ஊனமுற்றதற்கான ஓய்வூதியம், கையில் வைத்திருக்கும் கடன் பத்திரத்துக்கு என்ன கதி என்ற விசாரணை என்று வேண்டுகோள்கள் நீளும். வெல்லப்பாகுக்கு இறக்குமதி வரி போடுவதா என்பது நியூ இங்கிலாந்து முழுவதையும் கொதிக்க வைத்த பிரச்சினை. மீனை மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பி, வெல்லப்பாகு வாங்கிவந்து, அதிலிருந்து ரம் வடித்த கடற்கரை அது. காலனுக்கு 6 சென்ட் என்று தொடங்கிய பேச்சு, எதிர்ப்புகளுக்குப் பின் இரண்டரை சென்ட்டில் முடிந்தது.

நண்பர்களின் கடிதங்கள் வேறு ரகம். போர்ட்லாண்டின் அச்சுக்கூடக்காரர் தாமஸ் வெய்ட், மெய்னின் முதல் செய்தித்தாளைத் தொடங்கிய இருவரில் ஒருவர், தாட்சருக்கு நெருங்கியவர். 1788 ஜனவரியில், தாட்சர் பழைய காங்கிரஸில் உறுப்பினராக நியூயார்க்கில் இருந்தபோதே, புதிய அரசமைப்பின் வாசகம் முழுவதிலும் ஓர் இருட்டும் இரட்டைப் பேச்சும் வேண்டுமென்றே செய்த மங்கலும் படிந்திருப்பதாக அவர் எழுதினார். அதனால்தான் உரிமைகளின் பட்டியல் இன்றியமையாதது என்பது அவர் முடிவு. ஒரு சட்ட ஆவணத்தை, அச்சுக் கோத்துப் பழகிய ஒருவர் சொல் சொல்லாகச் சந்தேகித்துப் படிக்கிறார். இலக்கிய மாணவர்கள் கற்க வேண்டிய வாசிப்பு இது. அரசியலில் எதிரெதிராக நின்றபோதும் இருவரின் நட்பு முறியவில்லை என்பது இக்கடிதங்களைப் படிக்கையில் ஆறுதல் தரும் செய்தி.

இனி, கட்டளையா ஆலோசனையா என்ற கேள்விக்கு வருவோம். நியூ இங்கிலாந்தில் இதற்கு ஒரு பழைய விடை இருந்தது. ஊர்க்கூட்டம் கூடித் தன் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்து, இன்ன இன்ன விஷயத்தில் இப்படி இப்படி வாக்களி என்று எழுத்தில் கொடுத்து அனுப்பும். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலேயே பாஸ்டன் நகரம் இதைச் செய்துவந்தது. 1780இல் எழுதப்பட்ட மாசசூசெட்ஸ் அரசமைப்பின் உரிமைப் பிரகடனத்தில், பிரதிநிதிகளுக்கு அறிவுறுத்தல் வழங்குவது மக்களின் உரிமை என்று பத்தொன்பதாம் பிரிவாகவே எழுதி வைத்தார்கள். அந்த மரபுக்குள் வளர்ந்தவர்கள்தாம் தாட்சருக்கு எழுதியவர்கள். ஆனால் காங்கிரஸ் தொகுதி என்பது ஓர் ஊர் அன்று. நூற்றுக்கணக்கான மைல் கடற்கரையில் சிதறிக்கிடந்த பல ஊர்கள். எந்தக் கூட்டம் கூடி, யார் பெயரால் எழுதுவது? ஊர்க்கூட்டத்தின் ஒரே குரல் இல்லாத இடத்தில் தனித்தனி மனிதர்களின் கடிதங்கள் வந்து நின்றன. எழுதுகிற கை பழைய அதிகாரத்தோடு எழுதுகிறது. அந்த அதிகாரத்தைத் தந்த கூட்டமோ பின்னால் இல்லை.

1789 ஆகஸ்ட் 15இல் இது சபையிலேயே வந்தது. கூடுவதற்கும் முறையிடுவதற்குமான உரிமையைப் பற்றிய திருத்தம், பிற்பாடு முதல் திருத்தம் என்று உலகப் புகழ் பெறப்போவது, விவாதத்தில் இருந்தது. தென் கரோலினாவின் தாமஸ் டியூடர் டக்கர் எழுந்து, தம் பிரதிநிதிகளுக்கு அறிவுறுத்தல் வழங்கும் உரிமை என்ற சொற்களையும் சேர்க்க வேண்டும் என்று முன்மொழிந்தார்.

விவாதம் நீண்டது. பென்சில்வேனியாவின் ஹார்ட்லி, மக்கள் உணர்ச்சி வசப்படும் காலங்கள் உண்டு, அப்போது அவர்கள் இடும் கட்டளை அவர்களுக்கே கேடாகும் என்றார். வர்ஜீனியாவின் ஜான் பேஜ், மக்களாட்சியில் இந்த உரிமையை மறுப்பதற்கு என்ன பொருள் என்று திருப்பிக் கேட்டார். மாசசூசெட்ஸின் எல்பிரிட்ஜ் ஜெர்ரியும் டக்கர் பக்கம். கனெக்டிகட்டின் ரோஜர் ஷெர்மன் சொன்னதுதான் எதிர்த்தரப்பின் மையம்: நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்தவர்களைச் சந்தித்து, கலந்து பேசி, பொதுநன்மைக்கு உகந்ததைக் கண்டறிவதற்காகவே பிரதிநிதி அனுப்பப்படுகிறார், அறிவுறுத்தலின்படியே வாக்களிப்பதென்றால் கலந்து பேசுவதற்கு என்ன வேலை? ஜேம்ஸ் மாடிசன் தமக்கே உரிய முறையில் கேள்வியை இரண்டாக உடைத்தார். மக்கள் தம் கருத்தைத் தெரிவிக்கலாம் என்பது மட்டுமே பொருளானால், பேச்சுரிமையும் முறையிடும் உரிமையும் அதற்குப் போதும். பிரதிநிதி அதற்குக் கட்டுப்பட்டவர் என்பது பொருளானால், அரசமைப்பை மீறச் சொல்லி ஒரு தொகுதி கட்டளையிட்டால் என்ன செய்வது?

வாக்கெடுப்பில் ஆதரவு 10, எதிர்ப்பு 41. அந்தச் சொற்கள் சேரவில்லை.

ஷெர்மனின் வாதம் வலுவானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அதில் ஒரு வசதியும் ஒளிந்திருக்கிறது. கலந்து பேசும் அறைக்குள் இருப்பவர்களுக்கு, வெளியே இருப்பவர்களின் கடிதம் எப்போதுமே அறியாமையாகத் தோன்றும். முழு விவரம் எங்களுக்குத்தான் தெரியும் என்ற சொல்லுக்கு எதிராக, சான்ஃபோர்டில் இருப்பவர் என்ன செய்ய முடியும்? அவருக்கு விவரம் தெரிய வேண்டுமானால் உள்ளே இருப்பவர்தான் எழுதித் தெரிவிக்க வேண்டும். பிரதிநிதிகள் சபையாவது தொடக்கத்திலேயே பார்வையாளர் மாடத்தைத் திறந்துவிட்டது. செனட் சபையோ 1795 டிசம்பர் வரை கதவைச் சாத்திக்கொண்டே இருந்தது.

மாடிசனுக்கு வந்த ஒரு கடிதத்தை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. 1789 பிப்ரவரி 2இல் நடந்த தேர்தலில் அவர் ஜேம்ஸ் மன்றோவை 1,308க்கு 972 என்ற கணக்கில் வென்றார். அவருடைய தொகுதியில் பாப்டிஸ்டுகள் மிகுதி. காலனிக் காலத்தில் உரிமம் இல்லாமல் போதித்ததற்காக வர்ஜீனியாவில் சிறை சென்ற பிரிவினர் அவர்கள். புதிய அரசமைப்பில் சமயச் சுதந்திரத்துக்கு உறுதி இல்லையே என்ற அவர்களின் அச்சத்தைத் தணிக்க, திருத்தங்களுக்குப் பாடுபடுவேன் என்று ஜனவரி 2ஆம் நாளிட்ட ஒரு கடிதத்தில் மாடிசன் வாக்குக் கொடுத்தார். வென்றபின் பாப்டிஸ்ட் போதகர் ஜான் லேலண்ட் வாழ்த்தி எழுதினார். வாழ்த்தோடு நிறுத்தவில்லை. சமயச் சுதந்திரத்துக்கு எவ்விதத்திலேனும் ஆபத்து வருமானால் முதல் தகவல் எனக்கு வர வேண்டும், இதை உங்களிடம் எதிர்பார்க்கிறேன் என்று ஒரு வரி. ஜூன் 8இல் மாடிசன் சபையில் திருத்தங்களை முன்வைத்தார். அறிவுறுத்தல் பிரதிநிதியைக் கட்டுப்படுத்தாது என்று ஆகஸ்டில் வாதிட்டவரும் அவரே! சட்டத்தில் கட்டுப்படாதவர், நடைமுறையில் தம் வாக்காளருக்கு எழுதிக் கொடுத்த சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தார். இதைப் பாசாங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. (இந்த லேலண்ட் பின்னர் மாசசூசெட்ஸுக்குத் திரும்பி, செஷயர் ஊர் மக்கள் செய்த 1,235 பவுண்டு எடையுள்ள பாலாடைக்கட்டியைக் கொண்டுபோய் 1802 புத்தாண்டு அன்று குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனிடம் ஒப்படைத்தார். கருத்தைத் தெரிவிக்கக் கடிதம் ஒன்றுதான் வழி என்று எவர் சொன்னது?)

எதிர்த்திசையில் சென்ற கடிதங்களுக்கும் சோதனை வந்தது. தெற்கிலும் மேற்கிலும் ஊர்கள் சிதறிக் கிடந்தன, செய்தித்தாள்கள் குறைவு. அதனால் அப்பகுதி உறுப்பினர்கள் அமர்வு முடியும்போது ஒரு சுற்றறிக்கைக் கடிதம் அச்சிட்டு, கட்டணமில்லா அஞ்சலில் தொகுதியெங்கும் அனுப்புவதை வழக்கமாக்கினர். வர்ஜீனியாவின் சாமுவேல் கேபல் அவர்களுள் ஒருவர். தலைவர் ஜான் ஆடம்ஸின் பிரான்சு எதிர்ப்புக் கொள்கையைக் கடுமையாகச் சாடுபவர். 1797 மே மாதம் ரிச்மண்டில், உச்ச நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் அயர்டெல் முன்னிலையில் கூடிய கிராண்ட் ஜூரி, கேபலைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, இத்தகைய சுற்றறிக்கைகள் நாட்டுக்குத் தீமை, அரசின் மேல் ஆதாரமற்ற அவதூறு பரப்புகின்றன என்று அறிக்கை தந்தது. வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. ஆனால் ஒரு உறுப்பினர் தம் வாக்காளருக்கு எழுதியதை நீதிமன்றம் கண்டித்துவிட்டது.

கேபலின் வாக்காளர்களில் ஒருவர் தாமஸ் ஜெஃபர்சன். அப்போது அவர் நாட்டின் துணைத் தலைவர். தம் பெயர் வெளியே தெரியாமல், தொகுதி மக்களின் சார்பில் வர்ஜீனியச் சட்டசபைக்கு ஒரு முறையீட்டை அவரே வரைந்தார். குடிமக்களுக்கும் பிரதிநிதிக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்து தடையற்று இருக்க வேண்டும்; அதில் நீதித்துறை தலையிட்டால் சட்டமியற்றும் அவை நீதித்துறைக்கு அடிமையாகும் என்பது அதன் சாரம். நல்ல வாதம்தான். ஆனால் அதே மூச்சில், அந்த ஜூரிகளைக் குற்ற விசாரணைக்கு உட்படுத்தித் தண்டிக்க வேண்டும் என்றும் கேட்கிறார். கருத்துச் சொன்னதற்காகத் தண்டனை கூடாது என்று எழுதும் கை, கருத்துச் சொன்ன வேறு சிலருக்குத் தண்டனை கேட்கிறது. ஜெஃபர்சனைப் படிக்கும்போது இத்தகைய இடங்களில் தடுக்கி நிற்காமல் இருக்க முடிவதில்லை.

அடுத்த ஆண்டே அந்த அச்சம் உண்மையாயிற்று. 1798இன் தேசத்துரோகப் பேச்சுச் சட்டத்தின்கீழ் முதலில் தண்டனை பெற்றவர் வெர்மாண்ட் உறுப்பினர் மேத்யூ லயன். குற்றச்சாட்டுகளுள் ஒன்று, அவர் தம் மாநிலச் செய்தித்தாளுக்கு எழுதிய கடிதம். நான்கு மாதச் சிறை, ஆயிரம் டாலர் அபராதம். வெர்ஜென்ஸ் நகரச் சிறையில் இருந்தபடியே அவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். வாக்காளர்கள் அந்தக் கடிதத்துக்குத் தந்த பதில் அது.

மக்கள் சினந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1816ஐச் சொல்லலாம். அவ்வாண்டு மார்ச்சில் காங்கிரஸ், நாளுக்கு ஆறு டாலர் என்ற படியை மாற்றி, தனக்குத்தானே ஆண்டுக்கு 1,500 டாலர் சம்பளம் நிர்ணயித்துக்கொண்டது. நாடெங்கும் கொந்தளிப்பு. இலையுதிர் காலத் தேர்தலில் சபையின் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் திரும்பி வரவில்லை. ஹென்றி கிளே போன்ற பெருந்தலைவரே தம் தொகுதியில் மூச்சு வாங்கித்தான் வென்றார். எஞ்சியிருந்த அமர்வில் சட்டத்தைத் திரும்பப் பெறும் விவாதம் நடந்தபோது, மக்களின் அறிவுறுத்தலுக்குப் பணிவது கடமையா என்ற 1789இன் கேள்வி அப்படியே மீண்டும் எழுந்தது. ஜான் கால்ஹூன் பணிய மறுத்து வாதிட்டார். பெரும்பான்மையினர் பணிந்தனர். சட்டம் 1817இல் நீக்கப்பட்டது. மற்ற பெரும் பிரச்சினைகளில் இத்தனை விரைவாக மக்கள் குரலுக்குச் செவி சாய்த்தார்களா என்பது வேறு கதை.

இதுவரை சொன்னவை எல்லாம் எழுத உரிமை பெற்றவர்களின் கதை. 1790ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 6,97,681 பேர் அடிமைகள் என்று பதிவாகியிருக்கின்றனர். அரசமைப்பின்படி பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட, அடிமைகளில் ஐவரை மூவராகக் கொண்டு சேர்த்துக்கொள்வர். அதாவது, தென் மாநில உறுப்பினர்கள் பலர் சபையில் அமர்ந்திருந்த நாற்காலியில் ஒரு பங்கு இம்மனிதர்களின் தலையை எண்ணிப் பெற்றது. ஆனால் அந்த உறுப்பினருக்கு இவர்கள் தொகுதி மக்கள் அல்லர். எண்ணிக்கையில் உண்டு, முகவரியில் இல்லை.

1797 ஜனவரியில் நான்கு கறுப்பின மனிதர்கள் பிலடெல்பியாவில் கூடியிருந்த சபைக்கு ஒரு முறையீடு அனுப்பினர். வட கரோலினாவில் எசமானர்களால் விடுதலை செய்யப்பட்டு, அம்மாநிலச் சட்டத்தால் மீண்டும் பிடிக்கப்பட்டு விற்கப்படும் அபாயத்துக்குத் தப்பி ஓடிவந்தவர்கள். முறையீட்டைப் பெற்றுக்கொள்வதா என்பதே விவாதமாயிற்று. பெற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசியவர்களுள் நம் தாட்சரும் ஒருவர். 50க்கு 33 என்ற வாக்கில் அது ஏற்கப்படாமல் திருப்பப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில், புதிதாக அமையவிருந்த மிசிசிப்பிப் பிரதேசத்தில் அடிமைமுறை கூடாது என்று தாட்சர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அவர் வாக்கையும் சேர்த்துப் பன்னிரண்டு வாக்குகள் கிடைத்தன.

1800 ஜனவரி 2இல் பிலடெல்பியாவின் உறுப்பினர் ராபர்ட் வால்ன், அந்நகரச் சுதந்திரக் கறுப்பின மக்கள் 70க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட முறையீட்டைச் சபையில் வைத்தார். முதல் கையெழுத்து அப்சலோம் ஜோன்ஸ் உடையது. அடிமையாகப் பிறந்து, பின்னர் தேவாலயம் ஒன்றை நிறுவியவர். அடிமை வணிகத்தையும், தப்பியோடியவர்களைப் பிடிக்க இயற்றிய 1793ஆம் ஆண்டுச் சட்டத்தையும் மறுபரிசீலனை செய்யுங்கள், படிப்படியாக விடுதலைக்கு வழி காணுங்கள் என்பது கோரிக்கை. மொழி பணிவானது. ஆனால் சபை பதறியது. தென் கரோலினாவின் ரட்லெஜ் சினந்தது வியப்பில்லை. மாசசூசெட்ஸின் ஹாரிசன் கிரே ஓட்டிஸ், இதற்கு இடம் கொடுத்தால் இவர்கள் கூடவும் விவாதிக்கவும் கற்றுக்கொள்வார்கள் என்று எச்சரித்தார். தாட்சரின் அதே மாநிலம், அதே கட்சி. ஊர்க்கூட்டம் கூடி விவாதித்ததால் உருவான ஒரு மாநிலத்தின் பிரதிநிதி, கூடி விவாதிப்பதை ஆபத்து என்கிறார். மறுநாள், அம்முறையீட்டின் அப்பகுதிகள் அமைதியைக் குலைப்பவை, அவற்றுக்கு எவ்வித ஊக்கமும் அளிக்கலாகாது என்ற தீர்மானம் வாக்குக்கு வந்தது. ஆதரவு 85. எதிர்ப்பு 1.

அந்த ஒன்று தாட்சர். மெய்னில் அவருக்கு வாக்களித்தவர்களில் எவரும் அவரை அப்படி வாக்களிக்கச் சொல்லியிருந்தால்கூட, அந்த வாக்கால் அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அறிவுறுத்தலுக்குக் கட்டுப்படாத பிரதிநிதி என்று ஷெர்மனும் மாடிசனும் 1789இல் வாதிட்டார்களே, அந்தச் சுதந்திரத்தை ஒரு மனிதர் தமக்கு வாக்களிக்க முடியாதவர்களுக்காகப் பயன்படுத்திய நாள் என்று இதைச் சொல்லலாம். மற்ற 85 பேரும் அதே சுதந்திரத்தோடுதான் வாக்களித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வாக்கெடுப்புக்குப் பின் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஜேம்ஸ் ஃபோர்டன். 1766இல் பிலடெல்பியாவில் சுதந்திர மனிதராகப் பிறந்தவர். சிறுவனாகக் கப்பலில் சென்று விடுதலைப் போரில் பங்கேற்றவர். பாய்மரத்துணி தைக்கும் தொழிலைக் கற்று, 1798இல் தம் முதலாளியின் பட்டறையைத் தாமே ஏற்று நடத்தத் தொடங்கியவர். அந்த முறையீட்டில் ஒப்பமிட்டவர்களுள் அவரும் உண்டு. துயரம் அழுத்தும்போது, உலகத்தவர் பலரும் இரக்கமின்றி முகம் திருப்பிக்கொள்ளும்போது, எங்களுக்காக ஒருவர் இருக்கிறார் என்று அறிவது எத்தகையது என்று சொல்லி நன்றி தெரிவிக்கிறார். எந்தச் சலுகையும் கேட்கவில்லை. பதவி கேட்கவில்லை. அறிவுறுத்தவும் இல்லை.

தாட்சர் 1801இல் காங்கிரஸை விட்டு மாசசூசெட்ஸின் உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1824இல் பிடஃபர்டில் காலமானார். பென்சில்வேனியாவில், வாக்குரிமை வெள்ளையருக்கு மட்டும் என்று 1838இல் அரசமைப்பிலேயே எழுதிச் சேர்த்தார்கள். அப்போதும் ஃபோர்டன் உயிரோடு இருந்தார்.

அவர் 1800இல் எழுதிய கடிதம் கட்டணமின்றிச் சென்றிருக்கும் என்பதில் ஐயமில்லை. காங்கிரஸ் கூடிய மண்டபத்துக்கும் டெலவேர் ஆற்றங்கரையில் இருந்த அவருடைய பட்டறைக்கும் இடையே சில தெருக்கள்தான். நடந்தே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.